இன்னும் நாலு நாள்

எங்கள் வீட்டில் விருந்தாளி இருக்கிறார்களா என்று தெரிந்துகொள்ளக் கீழ் வீட்டுச் சீன ஆன்ட்டி மேலே ஏறி வர வேண்டியதில்லை. சமையலறைச் சன்னலுக்கு வெளியே நீட்டியிருக்கும் துணிக்கழிகளை அண்ணாந்து பார்த்தாலே போதும். அதில் வேட்டியும் சேலையும் பிழியாமல் சொட்டிக்கொண்டிருந்தால் ஊரிலிருந்து ஆள் வந்தாயிற்று என்று அர்த்தம். உடனே தன் கழிகளை உள்ளே இழுத்துக்கொள்வார். இருபது வருஷமாக இப்படித்தான். ஒருமுறை லிப்டில் சேர்ந்து வந்தபோது, உங்கள் வீடு என்ன ஹோட்டலா என்று சிரித்துக்கொண்டே ஆங்கிலத்தில் கேட்டார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகுதான் எரிச்சல் வந்தது. ஹோட்டலாக இருந்தால் எப்போதாவது ஒரு நாள் அறை காலியாகக் கிடக்குமே.

ஹோட்டல் நடத்த இங்கே சட்டமும் இடம் தராது. அடுக்குமாடி வீட்டில் சுற்றுலாக்காரர்களுக்கு அறையை வாடகைக்கு விடக் கூடாது. காசு வாங்காமல் சொந்தக்காரர்களைத் தங்கவைத்தால் யாரும் கேட்கப் போவதில்லை. எங்களிடம் வருகிறவர்கள் எல்லாருமே சொந்தக்காரர்கள்தான். என் கணவரின் சொந்தம், அந்தச் சொந்தத்தின் சம்பந்தி, சம்பந்தி வீட்டு மாடியில் முன்பு குடியிருந்தவர் என்று அந்தக் கயிறு எங்கே முடிகிறது என்று எனக்குத் தெரிந்ததே இல்லை.

நான் இந்த ஊரிலேயே பிறந்தவள். என் கணவர் கப்பல் பட்டறை வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர். வந்த புதிதில் தூரத்துச் சொந்தம் ஒருவர் வீட்டு ஹாலில் ஏழு மாதம் படுத்திருந்திருக்கிறார். அந்த வீட்டுக்காரர் ஒரு நாள்கூட முகம் சுளித்ததில்லையாம். அதை எத்தனை முறை சொல்லியிருப்பார் என்று கணக்கில்லை. அந்த மனிதருக்குத் திருப்பிச் செய்ய முடியாததை வருகிறவர்கள் எல்லாருக்கும் செய்துகொண்டிருக்கிறார். அவர் செய்கிறார் என்று சொன்னேனே, அது பேச்சுக்கு. இட்லி ஊற்றுகிறவள் நான்.

ஆங் மோ கியோவில் எங்கள் வீடு பழைய புளோக்கில், ஏழாவது மாடியில் இருக்கிறது. மூவறை வீடு என்று பெயர். ஹாலையும் சேர்த்து எண்ணித்தான் இங்கே மூன்று. படுக்க இரண்டு அறைதான். ஒன்று எங்களுடையது, இன்னொன்று மகளுடையது. இரண்டு பேர் வந்தால் மகளின் அறை போகும். நாலு பேர் வந்தால் இரண்டும் போய்விடும், நாங்கள் மூவரும் ஹாலில் மெத்தை விரிப்போம். மகள் ஆறு வயதில் தலையணையைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்கு வந்து படுத்தாள். அப்போது அது அவளுக்கு விளையாட்டு. பதினாறு வயதில் ஒரு வார்த்தை பேசாமல் வந்து படுத்தாள். இருபத்தெட்டு வயதிலும் வந்து படுத்துக்கொண்டிருந்தாள்.

அவள் ஒரு மருத்துவமனையில் தாதி. தீவிர சிகிச்சைப் பிரிவில் நிரந்தரமாகச் சேர ஒரு படிப்பு இருக்கிறது, அதன் கடைசித் தேர்வில் ஒருமுறை தோற்றிருந்தாள். இரண்டாவது முறை எழுதலாம். அதிலும் போனால் அந்த இடம் வேறு ஆளுக்குப் போய்விடும், மறுபடி வரிசையில் பின்னால் போய் நிற்க வேண்டும். இதெல்லாம் அவள் ஒரு காலையில், இரவு வேலை முடிந்து வந்து, சீருடையைக்கூட மாற்றாமல் காயா என்கிற தேங்காய்ப்பால் ஜாம் தடவிய ரொட்டியைத் தின்றுகொண்டே சொன்னது.

"அம்மா, ஒண்ணு கேக்கவா?"

"கேளு."

"எக்ஸாம் முடியிற வரைக்கும் யாரையும் வரச் சொல்லாதீங்க. மூணே வாரம்தான். பகல்ல தூங்கணும், எந்திரிச்சுப் படிக்கணும். எனக்கு என் ரூம் வேணும்மா, ப்ளீஸ்லா."

அவள் எதையும் கேட்கிற பெண் இல்லை. இதைக் கேட்டா வாங்க வேண்டும், அவள் அறைதானே அது? "யாரும் வர மாட்டாங்க. நான் பாத்துக்கறேன்," என்றேன். அவள் ரொட்டித் தூளைத் தட்டிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே கணவரின் சித்தப்பா மகன் வாட்ஸ்அப்பில் வீடியோவில் கூப்பிட்டார். கணவருக்குத் தம்பி முறை, நல்ல மனுஷர். அவரும் மனைவியும், மனைவியின் அக்காவும், அக்கா வீட்டுக்காரருமாக நாலு பேர் வருகிறார்களாம். டிக்கெட் போட்டாயிற்றாம். கணவர் கைப்பேசியை என் பக்கம் திருப்பினார். அவருக்கு மகள் கேட்டது தெரியும். தெரிந்துதான் திருப்பினார்.

"அண்ணி, நாங்க தேக்காப் பக்கமா ஒரு லாட்ஜ் போட்டு வச்சிருக்கோம். உங்களுக்கு எதுக்கு சிரமம்? ஒரு நாள் வந்து உங்க கையால சாப்பிட்டுட்டுப் போறோம், அது போதும்," என்றார் தம்பி.

இங்கேதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தது. நாங்கள் பேசுகிற விதத்தில் இதற்கு ஒரு வரிசை உண்டு. வருகிறவர் "வேண்டாம், நாங்கள் வெளியில் தங்கிக்கொள்கிறோம்" என்று ஒப்புக்குச் சொல்வார். இருக்கிறவர் "என்ன பேச்சு இது, நாங்கள் என்ன செத்தா போய்விட்டோம்" என்று கோபித்துக்கொள்வார். வருகிறவர் இன்னொரு முறை மறுப்பார், இருக்கிறவர் இன்னொரு முறை கோபித்துக்கொள்வார். அதற்குப் பிறகு அவர்கள் வீட்டில்தான் தங்குவார்கள். முதல் தடவையே சரி என்று ஒத்துக்கொண்டால் அந்த உறவு அன்றோடு அறுந்தது. இருபது வருஷத்தில் இந்த வரிசை ஒருநாளும் மாறியதில்லை. என் வாய்க்கு அது மனப்பாடம். மூளை வருவதற்குள் வாய் போய்விடும்.

"லாட்ஜா? நாங்க எதுக்கு இருக்கோம் தம்பி? ஊருல போய் இதை வெளியில சொல்லிடாதீங்க, அசிங்கம்," என்றேன்.

"இல்ல அண்ணி, நெசமாவே..."

"ஒண்ணும் பேசாதீங்க. நேரா வீட்டுக்கு வர்றீங்க. தாராளமா வாங்க."

கைப்பேசியை வைத்ததும் கணவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. ஐந்து நாள்தானே என்றேன். ஐந்து நாள்தான் என்று அவரும் சொன்னார். மகளிடம் அன்று சாயங்காலம் சொன்னபோது அவள் சத்தம் போடவில்லை. "ஓகே," என்றாள். புத்தகங்களை ஒரு பெரிய துணிப்பையில் போட ஆரம்பித்தாள். அவள் கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

வந்தார்கள். நாலு பேருக்கு ஆறு பெட்டி. வாசலில் நடைபாதையை அடைத்துக்கொண்டு செருப்புகள். எதிர் வீட்டு மலாய்க்காரர் தன் சைக்கிளை அவராகவே நகர்த்தி வைத்துக்கொண்டார். கீழ் வீட்டு ஆன்ட்டியின் கழிகள் உள்ளே போயின.

விருந்தாளிகளைப் பற்றிக் குறை சொல்லக் கூடாது. சொல்லக் கூடாது என்றுதான் இவ்வளவு வருஷம் சொல்லாமல் இருந்தேன், இப்போது கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன். ஏழு பேருக்கு இரண்டு குளியலறை. காலை நாலரைக்கே வாளியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கும். ஏர்கான் இரவு பகலாக ஓடும். சேலையை மெஷினில் போட்டால் சாயம் போய்விடும் என்று கையில் அலசி, பிழியாமல் கழியில் போடுவார்கள், அது ஆறாவது மாடி வரைக்கும் மழை பெய்யும். நான் வாரத்துக்கு மூன்று நாள் ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். அந்த மூன்று நாளும் விடுப்பு போட்டேன். தினமும் ஊர் சுற்றிக் காட்டினேன்.

சுற்றிக் காட்டுவது என்றால் எல்லாருக்கும் ஒரே பாதைதான். கடலோரத்து உயரமான கட்டடம், பூந்தோட்டம், நீர் துப்பும் சிங்கம், பிறகு நம் ஆட்களின் கடைகள் நிறைந்த தேக்கா. எந்த இடத்தில் யார் என்ன சொல்வார்கள் என்று எனக்கு முன்கூட்டியே தெரியும். சிராங்கூன் சாலையில் இறங்கி, மாலைக்கடை வாசனையும் மசாலா அரைக்கும் வாசனையும் வந்ததும், "அட, நம்ம ஊரு மாதிரியே இருக்கே," என்பார்கள். அதில் பாதி சந்தோஷம், பாதி ஏமாற்றம். அக்கா வீட்டுக்காரர் அந்த ஏமாற்றத்தை மறைக்கவும் இல்லை. "இதைப் பாக்கவா பிளேன் ஏறி வந்தோம்?" என்றார். பிறகு அதே தெருவில் நகைக்கடையில் இரண்டரை மணி நேரம் உட்கார்ந்தார்கள். பெண்கள் வளையலைப் போட்டுப் போட்டுக் கழற்றினார்கள். நான் கடைக்காரர் கொடுத்த நாற்காலியில் முட்டியை நீவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறந்ததிலிருந்து இந்தத் தெருவுக்கு வருகிறேன். எனக்கென்று ஒரு முழம் பூ வாங்க இங்கே வந்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று அப்போது யோசித்துப் பார்த்தேன். நினைவுக்கு வரவில்லை.

மகள் காலை ஒன்பது மணிக்கு வேலை முடிந்து வருவாள். கண்ணுக்குத் துணிப்பட்டி கட்டிக்கொண்டு ஹாலில் சுவரோரமாகப் படுத்துக்கொள்வாள். விருந்தாளிகள் அவளுக்காக மெதுவாகத்தான் நடந்தார்கள், மெதுவாகத்தான் பேசினார்கள். நாலு பேர் சேர்ந்து கிசுகிசுவென்று பேசுவதை விடச் சத்தமாகப் பேசியிருக்கலாம். பதினொரு மணிக்கு எழுந்துவிடுவாள். துணிப்பையை எடுத்துக்கொண்டு நூலகத்துக்குப் போகிறேன் என்று கிளம்பிவிடுவாள். "பாவம், புள்ளைக்குத் தூக்கமே பத்தல," என்று தம்பி மனைவி ஒவ்வொரு நாளும் சொன்னாள். "அதுக்குப் பழக்கம்தான்," என்று ஒவ்வொரு நாளும் நான் சொன்னேன்.

ஐந்தாவது நாள் காலையில் பெட்டிகளைக் கட்டினார்கள். அன்று சாயங்காலம் விமானம். எனக்குள் ஒரு பாட்டே ஓடிக்கொண்டிருந்தது என்று சொன்னால் பொய்யில்லை. தேர்வுக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. இன்று இரவே மகளின் படுக்கை விரிப்பை மாற்றிவிடலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டே தோசை வார்த்தேன். தட்டை வைக்கும்போது, "அதுக்குள்ள கிளம்பறீங்களா? வந்த மாதிரியே இல்ல. இன்னும் நாலு நாள் இருந்துட்டுப் போங்களேன்," என்றேன். இதுவும் அந்த வரிசைதான். யார் கிளம்பினாலும் சொல்வது. யாரும் அதைப் பொருட்படுத்துவதில்லை, வேலை கிடக்கிறது, மாடு கிடக்கிறது என்று ஏதாவது சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அன்றைக்குக் கணவர் வேறு சேர்ந்துகொண்டார். "ஆமாடா, டிக்கெட்டை மாத்திக்கலாம், போன்லயே மாத்தலாம்," என்றார். தம்பி தோசையைப் பிய்த்துவிட்டு வாயில் வைக்காமல் தட்டிலேயே போட்டார். பிறகு மனைவியைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அண்ணி இவ்வளவு சொல்றாங்க. சரி, மாத்திடுவோம்," என்றார்.

டிக்கெட் மாறியது. நாலு நாளில் இடம் இல்லை என்று ஒன்பது நாள் தள்ளிப்போனது. மகளின் தேர்வுக்கு முந்தின நாள்.

இதை மகளிடம் யார் சொன்னார்கள் என்று தெரியாது. நான் சொல்லவில்லை. எனக்குத் தைரியம் வரவில்லை.

அதற்கு மூன்றாவது நாள் மத்தியானம் சந்தைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தேன். எங்கள் புளோக்குக்குக் கீழே, சீனக் கிழவர்கள் சதுரங்கம் ஆடும் கல்மேசைகள் இருக்கின்றன. அதில் ஒன்றில் என் மகள் கவிழ்ந்து படுத்திருந்தாள். கன்னத்துக்கு அடியில் புத்தகம். பக்கத்து மேசைக் கிழவர்கள் காயை மெதுவாக நகர்த்திக்கொண்டிருந்தார்கள், அவளுக்காகத்தான். நூலகம் அன்றைக்கு நிரம்பி வழிந்ததாகப் பிறகு சொன்னாள். நான் அவளை எழுப்பவில்லை. எழுப்பி எங்கே கூட்டிக்கொண்டு போவது? மேலே போனால் ஹாலில் டிவி ஓடுகிறது.

கோழிப்பையைத் தூக்கிக்கொண்டு திரும்பினால், பின்னாலேயே தம்பி மனைவி நின்றுகொண்டிருந்தாள். கோயிலுக்குப் போய்விட்டுத் தனியாக ரயில் மாறி வந்திருக்கிறாள், நெற்றியில் திருநீறு ஈரமாக இருந்தது. அவளும் பார்த்துவிட்டாள். இருவரும் லிப்டில் ஏறினோம்.

சமையலறைக்குள் வந்ததும் கதவை ஒருக்களித்துவிட்டு, "அக்கா, புள்ள ஏன் கீழ படுத்திருக்கு?" என்று கேட்டாள்.

"பரிட்சைக்குப் படிக்குது. கீழ காத்து நல்லா வரும்."

"பொய் சொல்லாதீங்கக்கா."

நான் கோழியை அலசத் தொடங்கினேன். அவள் என் பக்கத்தில் வந்து நின்றாள். அழுகிற மாதிரி இருந்தது குரல்.

"நாங்க நெசமாவே லாட்ஜ் போட்டிருந்தோம்க்கா. காட்டவா? நாலு பேருக்கும் ரெண்டு ரூம். நீங்க அவ்வளவு கோவிச்சுக்கிட்டதால அவரு கேன்சல் பண்ணினாரு. அண்ணி மனசு நொந்துடும்னாரு. அன்னைக்கு கிளம்பறப்பவும் அப்படித்தான். எங்க அக்காவுக்கு வீட்டுல மாமியா படுக்கையில கிடக்காங்க, அஞ்சு நாளைக்கு ஆள் ஏற்பாடு பண்ணிட்டு வந்துச்சு. நீங்க அப்படிச் சொன்னீங்க, அண்ணன் வேற சொன்னாங்க, தட்ட முடியல."

நான் குழாயை மூடினேன்.

ஒருமுறை வாய் திறந்ததும் அவளுக்கு எல்லாம் வந்தது. நாலரைக்கு எழுந்து குளித்தது எங்களுக்கு முன்னால் குளியலறையைக் காலி செய்துவிட வேண்டும் என்றுதான். ஏர்கானை அவர்கள் ஒருநாளும் தொடவில்லை, என் கணவர்தான் போட்டுவிட்டு, அணைக்கவே கூடாது என்று சொல்லியிருக்கிறார், நாலு பேரும் போர்வைக்குள் விறைத்துக் கிடந்திருக்கிறார்கள். சேலையைக் கையில் அலசியது எங்கள் மெஷினை ஓட்டக் கூடாது என்றாம். நான் ஐந்து மணிக்கு எழுந்து இட்லி ஊற்றுவதால் அவளும் எழுந்து சட்னிக்குத் தேங்காய் துருவ வேண்டியிருந்தது.

"கல்யாணம் ஆகி இருவத்தி ரெண்டு வருஷத்துல மொதல் தடவையா வெளியூரு வந்தேன்க்கா. சமைக்காம, யாருக்கும் எந்திரிக்காம, ரூம்ல எங்க அக்காகூடப் பேசிக்கிட்டுக் கெடக்கணும்னு ஆசைப்பட்டேன். எட்டு மணி வரைக்கும் தூங்கணும்னு நெனச்சேன்."

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஒரே சமையலறையில் எட்டு நாளாக இரண்டு பேர் ஒருவருக்கொருவர் மரியாதை செய்து செய்து செத்துக்கொண்டிருந்திருக்கிறோம். அவள் தூங்கவில்லை, நான் தூங்கவில்லை, என் பெண் தூங்க இடமில்லாமல் கல்மேசையில் கிடக்கிறாள்.

தம்பி மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகலக்கா. மிச்ச நாளைக்கு நாங்க லாட்ஜுக்குப் போயிடறோம். நான் அவருகிட்ட பேசிக்கறேன். புள்ளைக்கு ரூமைக் குடுங்க. சரின்னு மட்டும் சொல்லுங்க," என்றாள்.

ஒரு வார்த்தை. "சரி" என்று. அதைச் சொல்லத்தான் நான் வாயைத் திறந்தேன். சத்தியமாக அதைச் சொல்லத்தான் திறந்தேன். அதற்குள் கணவரின் முகம் வந்தது, ஏழு மாதம் முகம் சுளிக்காத அந்த மனிதர் வந்தார், பாதியில் லாட்ஜுக்கு அனுப்பிவிட்டார்களாம் என்று ஊரில் பேசப்போகிறவர்கள் வரிசையாக வந்தார்கள்.

"சேச்சே, என்ன பேச்சு இது? பாதியில எங்க போறது? அதெல்லாம் ஒண்ணுமில்ல, அவ எங்கயும் தூங்குவா. இருங்க," என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். "சரிக்கா," என்று சொல்லிவிட்டு வெங்காயத்தை உரிக்க உட்கார்ந்தாள்.

ஒருக்களித்திருந்த கதவு அப்போது மெல்ல அசைந்தது. மகள் தண்ணீர் பாட்டிலை நிரப்ப மேலே வந்திருக்கிறாள். கன்னத்தில் புத்தக விளிம்பின் கோடு சிவப்பாகப் பதிந்திருந்தது. எவ்வளவு கேட்டாள் என்று நான் கேட்கவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. சித்தியைப் பார்த்துச் சிரித்தாள். பாட்டிலை நிரப்பினாள். மூடியை நன்றாகத் திருகினாள். கீழே போய்விட்டாள்.

தேர்வுக்கு முந்தின நாள் அவர்களை விமான நிலையத்தில் விட்டுவிட்டு வந்தோம். தம்பி மனைவி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். நான் வீட்டுக்கு வந்து மகளின் அறையைக் கழுவி, விரிப்பை மாற்றி, மேசையைத் துடைத்து வைத்தேன். அவள் அன்று அந்த அறையில்தான் படுத்தாள். ஒரே ஒரு நாள். அதை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்?

ஆறு வாரம் கழித்து முடிவு வந்தது. வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே சொன்னாள். "கெடைக்கலம்மா." சாதாரணமாகச் சொன்னாள், கடையில் பழம் கிடைக்கவில்லை என்பது மாதிரி. கணவர் நாற்காலியிலிருந்து எழுந்து, உட்கார்ந்து, மறுபடி எழுந்தார். "அவங்க வந்திருக்கலன்னா..." என்று ஆரம்பித்தார். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். "அவங்க மேல ஒண்ணுமில்லப்பா. சித்தி போறேன்னுதான் சொன்னாங்க."

என் பக்கம் திரும்பவே இல்லை.

அதே மாதம் சுவா சூ காங்கில் ஒரு வீட்டில் தனியறை பார்த்துக்கொண்டாள். ஆறு மாதத்துக்குக் குறைவாக அறையை வாடகைக்கு விடக் கூடாது என்பதால் ஆறு மாதத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டாள். கையெழுத்துப் போட்ட பிறகுதான் எங்களிடம் சொன்னாள். கல்யாணம் ஆகாத பெண் சொந்த ஊரிலேயே வெளியே போய் அறை எடுத்துத் தங்குவதா என்று கணவர் குதித்தார். இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தார். நான் குதிக்கவில்லை. அவளுடைய துணிகளை மடித்துக் கொடுத்தேன்.

போன மாதம் போய்ப் பார்த்தேன். ஆங் மோ கியோவில் ஏறினால் அதே ரயில் வடக்கே சுற்றிக்கொண்டு அங்கே போகிறது, மாற வேண்டியதில்லை. முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். பாத்திரத்தில் மீன் குழம்பும், தனியே சோறும் கொண்டுபோனேன். வீட்டுக்காரம்மா அறுபது வயதுச் சீனப் பெண்மணி, கதவைத் திறந்து, என் பையைப் பார்த்து, அறைக்குள் சாப்பிடக் கூடாது, சமையலறை மேசையில் சாப்பிடலாம், பாத்திரத்தை உடனே கழுவிவிட வேண்டும், விருந்தாளிகள் இரவு எட்டு மணிக்குக் கிளம்பிவிட வேண்டும் என்று வரிசையாகச் சொன்னார். சிரித்த முகமாகத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. வாசலில் கால் வைத்ததும் கிளம்புகிற நேரத்தைச் சொல்கிற வீட்டுக்கு நான் அதுவரை போனதில்லை.

மகளின் அறை சின்னது. ஒற்றைக் கட்டில், ஒரு மேசை, சன்னலில் கறுப்புத் திரை. பகலில் தூங்குகிறவள் என்று தெரிந்து வீட்டுக்காரம்மாவே மாட்டிக் கொடுத்தாராம். அவள் கண்ணுக்குக் கீழே இருந்த கருமை போயிருந்தது. ஒரு சுற்று சதை போட்டிருந்தாள். அதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பட்டேன். வலிக்கவும் செய்தது.

"இந்த அம்மா ரொம்பக் கண்டிப்பா?" என்று கேட்டேன்.

"இல்லலா. என்ன வேணுமோ நேரா சொல்லிடுவாங்க. நானும் சொல்லிடுவேன். ஈஸியா இருக்கும்மா."

சமையலறை மேசையில் இருவரும் சாப்பிட்டோம். குழம்பை இரண்டு முறை ஊற்றிக்கொண்டாள். தட்டுகளை நான் கழுவப் போனேன், விடவில்லை. தேர்வுக்கு மறுபடி பெயர் கொடுக்க முடியுமா என்று கேட்டேன். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றாள். அவளுக்குப் பின்னால் சேர்ந்த ஒரு பெண் இப்போது அந்தப் பிரிவில் வேலை பார்க்கிறாளாம், நல்ல பெண்ணாம்.

கணவர் மாறிவிட்டார் என்று சொன்னேன். பொங்கலுக்கு வருவதாக இருந்த ஒரு குடும்பத்தை வேண்டாம் என்று சொல்ல அவர் மூன்று நாள் எடுத்துக்கொண்டதையும், கடைசியில் வீட்டில் பெயிண்ட் அடிக்கிறோம் என்று பொய் சொன்னதையும், அந்தப் பொய்க்காக நிஜமாகவே பெயிண்ட் வாங்கி வந்து ஹாலில் வைத்திருப்பதையும் சொன்னேன். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குத் தைரியம் கொடுத்தது.

"ஆறு மாசம் முடிஞ்சதும் வந்துடு," என்றேன். "உன் ரூம் அப்படியே இருக்கு. இனிமே யாருக்கும் குடுக்க மாட்டேன். ஒப்புக்குச் சொல்லல."

அவள் தட்டைத் துடைத்து அடுக்கில் வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள். வேலை தூரம், ஷிப்டு ஒத்துவராது, யோசிக்கிறேன் என்று ஏதாவது ஒன்றைச் சொல்வாள், நானும் அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டுக் கிளம்பலாம் என்று காத்திருந்தேன். என்னை நேராகப் பார்த்தாள். குரலில் கோபம் இல்லை.

"வேணாம்மா. நான் வரல," என்றாள்.